மூளைக் கட்டி உள்ள குழந்தைக்கு வெளிநாட்டு மருத்துவரிடம் வீடியோ ஆலோசனை: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகனுக்கு ஆறு வயதில் சிறுமூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பான், அப்புறம் நாள் முழுக்க ஓடி விளையாடுவான். ஒரு மாதம் வயிற்றுக் கோளாறுக்குத்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நடை தள்ளாட ஆரம்பித்த பிறகுதான் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஜூன் 3ஆம் தேதி அறுவை சிகிச்சை. பயாப்சியில் மெடுல்லோபிளாஸ்டோமா என்று வந்தது. குழந்தைகளுக்கு மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

ஜூன் 20 மாலை, எங்கள் மருத்துவரும் நாங்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, வட அமெரிக்காவில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் குழுவோடு நாற்பது நிமிடம் வீடியோவில் பேசினோம். அந்தப் பேச்சால் என் மகனின் முதுகுத்தண்டுக்குப் போகவிருந்த ரேடியேஷன் அளவே குறைந்தது. ஆனால் பேசலாம் என்று முடிவு செய்ததிலிருந்து பேசும் வரை பத்து நாள் ஆனது. அதில் பெரும்பகுதி வீண். விவரம் தெரியாமல் போன அந்த நாட்களை நீங்களும் இழக்கக்கூடாது.

1. காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

எல்லாக் கட்டத்திலும் இரண்டாவது கருத்துக்காக நிற்க முடியாது. கட்டி அடைத்து மூளையில் நீர் கோத்துக்கொண்டால், குழந்தை தூங்கி விழுவது, கண் ஒருபக்கம் இழுப்பது, வாந்தி நிற்காமல் வருவது எல்லாம் மணிக்கணக்கில் முற்றும். அப்போது நீரை வடிக்கும் சிகிச்சையோ அறுவையோ உள்ளூரில் உடனே நடக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

ஆலோசனைக்கு ஏற்ற நேரம் பெரும்பாலும் அறுவை முடிந்து, ரேடியேஷனோ கீமோவோ தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் சில வாரங்கள். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு ரேடியேஷனை அறுவை முடிந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். ஏழு வாரத்தைத் தாண்டுவது நல்லதல்ல. அதனால் வீட்டுக் காலண்டரில் அறுவை நடந்த தேதியை வட்டமிட்டு, 28ஆம் நாளையும் 42ஆம் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்த மெயிலுக்குக் காத்திருந்தாலும் அந்த இரண்டு தேதிகள் கண்முன் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஆலோசனை முடியட்டும் என்று இங்கே எதையும் நிறுத்தாதீர்கள். ரேடியேஷனின்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். காது கேட்கும் திறனுக்குச் சோதனை எடுப்பார்கள், ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். பதில் எப்படி வந்தாலும் இதெல்லாம் தேவைப்படும், நடக்கட்டும்.

2. உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, முதல் மூன்று நாள் அவருக்குத் தெரியாமலே நாங்கள் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தோம். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: "சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எங்களைத் தொடர்பு கொள்ளட்டும்."

கடைசியில் என் கணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஒரு தடவை வெளியிலயும் கேட்டுட்டா எங்க மனசு ஆறும். நீங்களும் கூட இருக்கணும்." மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரிப்போர்ட்டை நானே எழுதித் தர்றேன்" என்றார். அன்றே அவர் மருத்துவமனை முகவரியிலிருந்து ஒரு மெயில் போனது. மறுநாள் பதில் வந்துவிட்டது.

மருத்துவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சிகிச்சைக் குறிப்புகளின் நகலும் ஸ்கேன் படங்களும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் இல்லாமல் நடக்கும் ஆலோசனையில் பாதிப் பயன்தான் கிடைக்கும். அங்கே சொல்வதை இங்கே செய்யப்போகிறவர் அவர்தானே.

3. எங்கே கேட்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மருத்துவரும் மருத்துவரும் பேசுவது. இங்குள்ள மருத்துவர் கேஸை முன்வைப்பார், அங்குள்ள குழு படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். பல இடங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. கனடாவில் டொரோன்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையும் ஜோர்தானின் அம்மான் நகரில் உள்ள கிங் ஹுசைன் புற்றுநோய் மையமும் 2004லேயே குழந்தைகளின் மூளைக் கட்டிகளுக்கு மட்டும் மாதந்தோறும் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டன. உங்கள் மருத்துவர் எங்காவது பயிற்சி பெற்றிருப்பார், மாநாட்டில் யாரையாவது சந்தித்திருப்பார். "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று அவரிடமே கேளுங்கள். எங்களுக்கு வழி திறந்தது இப்படித்தான்.

இரண்டாவது, பெற்றோர் பணம் கட்டி வாங்கும் கருத்து. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை, லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் போன்ற பெரிய இடங்களில் வெளிநாட்டு நோயாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் குடும்பத்திடம் பில் வாங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அங்கே மருத்துவரின் பரிந்துரை வழியாகத்தான் போக முடியும். அவர்கள் ஆலோசனை சொன்னார்கள் என்றால் குழந்தையைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

கடல் தாண்டுவதற்கு முன் மும்பையில் கேளுங்கள் என்பது என் கருத்து. டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகள் மூளைக் கட்டிக்கென்றே குழு இருக்கிறது. நவ்யா என்ற ஆன்லைன் சேவை வழியாக டாட்டா மெமோரியல் நிபுணர்களின் எழுத்துக் கருத்தும் கிடைக்கும். இங்கே என்ன மருந்து கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சில குடும்பங்களுக்கு அதுவே போதும்.

எங்கே கேட்டாலும் எதிரே உட்காரப்போகிறவர் யார் என்று விசாரியுங்கள். பெரியவர்களுக்கு மூளை அறுவை செய்யும் நிபுணர் மட்டும் என்றால் போதாது. குழந்தைகள் மூளைக் கட்டி நிபுணர், ரேடியேஷன் நிபுணர், ஸ்கேன் படிப்பவர், பயாப்சி பார்ப்பவர் எல்லாரும் ஒரே கேஸை ஒன்றாகப் பார்க்கிற இடமாக இருக்க வேண்டும்.

ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கை. ஸ்கேன் சென்டர் வாசலிலேயே ஒருவர் எங்களை அணுகினார். "அமெரிக்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட்" என்று 60,000 ரூபாய் கேட்டார். மருத்துவமனையின் சொந்த இணையதள முகவரியில் முடியாத மெயிலிலிருந்து எது வந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

4. பெயரும் தேதியும்

இது சின்ன விஷயமாகத் தெரியும். எங்களுக்கு இரண்டு நாள் இதில்தான் போனது.

நம் ஊரில் இனிஷியல் ஒரு ரிப்போர்ட்டில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக வரும். இன்னொன்றில் பெயருக்கு முன் "மாஸ்டர்" என்று ஒட்டியிருக்கும். அங்குள்ளவர்களுக்கு இது நான்கு வேறு குழந்தைகளாகத் தெரியும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடி, இல்லையென்றால் ஆதாரில் உள்ளபடி ஒரே பெயரை எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். மற்ற வடிவங்களும் இதே குழந்தைதான் என்று மருத்துவர் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

தேதி இதைவிட முக்கியம். என் மகனுக்கு முதுகுத்தண்டு ஸ்கேன் எடுத்தது ஜூன் 8. ரிப்போர்ட்டில் 08/06 என்று இருந்தது. வட அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுகிற பழக்கம் இருப்பதால் அது அவர்களுக்கு ஆகஸ்ட் 6. இன்னும் வராத தேதியில் எடுத்த ஸ்கேனா என்று கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் எழுதித் தரும் சுருக்கத்தில் (7ஆம் பகுதியில் சொல்கிறேன்) எல்லாத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். பக்கத்திலேயே "அறுவைக்குப் பின் 5ஆம் நாள்" என்றும் சேருங்கள். அந்த நாள் கணக்கு எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

5. ஸ்கேன் படங்கள்

இன்னும் நான்கு நாள் போனது இங்கே. ஃபிலிமை ஜன்னலில் ஒட்டி போட்டோ எடுத்து அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் போன படமும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது டைகாம் என்ற வடிவத்தில் உள்ள மூலப் படங்கள்.

ஸ்கேன் சென்டரில் "டைகாம் சி.டி. வேணும், எல்லா சீரிஸும் வேணும்" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்த சி.டி.யில் சாதாரணப் படங்கள் இருபதுதான் இருந்தன, முதுகுத்தண்டு படங்களே இல்லை. வீட்டில் திறந்து பார்க்காமல் கூரியரில் மருத்துவருக்கு அனுப்பிவிட்டோம். அவர் சொன்ன பிறகு மறுபடி போய் வாங்க நான்கு நாள்.

அதனால் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- அறுவைக்கு முன் எடுத்த மூளை எம்.ஆர்.ஐ.
- அறுவை முடிந்து 72 மணி நேரத்துக்குள் எடுத்த மூளை எம்.ஆர்.ஐ. மிச்சக் கட்டி எவ்வளவு என்று இதை வைத்துத்தான் அளப்பார்கள்
- முதுகுத்தண்டு முழுவதும், கான்ட்ராஸ்ட் ஊசி (கட்டி தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டு எடுத்தது
- கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், டிஃப்யூஷன் படங்கள்

சி.டி.யில் உள்ளதில் ஒரு ஃபைலைக்கூட விடாமல் மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்து, ஜிப் செய்து, அந்த மருத்துவமனை தரும் பாதுகாப்பான லிங்க்கில் ஏற்றுங்கள். எங்களுடையது ஒன்றரை ஜி.பி. இருந்தது. மொபைல் டேட்டாவில் மூன்று முறை பாதியில் நின்றது. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு வீட்டில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தோம். பென்டிரைவில் ஒரு காப்பி, வீட்டில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். சென்டர்கள் படங்களை எப்போதும் சேமித்து வைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

6. பயாப்சி பிளாக்கும் ஸ்லைடும்

மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயர் மட்டும் இப்போது போதாது. 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மரபணு அடிப்படையில் பிரிக்கிறார்கள்: டபிள்யூ.என்.டி. வகை, எஸ்.எச்.எச். வகை, இரண்டும் அல்லாதவை. வகையைப் பொறுத்து நோயின் போக்கும் மாறும், சிகிச்சையும் மாறலாம். வீடியோவில் அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று. அதனால் இந்தப் பரிசோதனை போயிருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். நம் நாட்டிலேயே பெரிய மையங்களில் செய்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதால் இதை முதல் வாரமே தொடங்கிவிடுவது நல்லது.

கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக். அதை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டியது ஸ்லைடு. வேறு ஆய்வகத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் மருத்துவர் கடிதமும் உங்கள் கையெழுத்தும் கேட்பார்கள். எல்லா பிளாக்கையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள், தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. வெயில் காலத்தில் பூட்டிய காரிலோ பைக் டிக்கியிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். நான் சின்ன டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போனேன்.

வெளிநாட்டுக்கே பிளாக் அனுப்ப வேண்டுமென்றால் அதை மருத்துவமனை வழியாகவே செய்யுங்கள். கூரியரும் சுங்கமும் கேட்கும் கடிதங்களை நீங்களாகத் தயார் செய்வது கஷ்டம்.

7. இரண்டு பக்கச் சுருக்கம்

டிஸ்சார்ஜ் சம்மரி இருபது பக்கம் இருந்தாலும், மருத்துவரிடம் இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கம் வாங்குங்கள். வயது, எடை, உயரம், அறிகுறிகள், அறுவைத் தேதி, எவ்வளவு கட்டி எடுக்கப்பட்டது, பயாப்சி முடிவு, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எடுத்தார்களா, எந்த நாள் எடுத்தார்கள், இப்போது குழந்தை எப்படி இருக்கிறது, இங்கே என்ன சிகிச்சை திட்டமிட்டிருக்கிறார்கள். கடைசியில் "எங்கள் கேள்விகள்" என்று மூன்றோ நான்கோ. கேள்வி இல்லாமல் போகும் ஃபைலுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

8. செலவு

மருத்துவர் வழியாகப் போனதால் எங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் இல்லை. சி.டி. நகல்கள், ஸ்லைடு நகல், போக்குவரத்து என்று 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. மயக்க மருந்து கொடுத்து மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ.க்கு 14,000 தனி.

பணம் கட்டும் வகையில் போனால் சில நூறு டாலரிலிருந்து மேலே போகும். கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்: எழுத்து அறிக்கை மட்டுமா, வீடியோவும் உண்டா, பயாப்சி மறுபார்வைக்குத் தனிக் கட்டணமா, பிறகு ஒரு சந்தேகம் கேட்டால் மறுபடி காசா?

கார்டில் கட்டுவதாக இருந்தால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்துவிடுங்கள். வழக்கமாக அது மூடியே இருக்கும், கடைசி நிமிடத்தில் தெரிந்தால் பதற்றம்தான். நாணய மாற்றுக்குப் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. வங்கி வழியாக அனுப்பினால் பான் கார்டு, மருத்துவமனையின் இன்வாய்ஸ், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இங்குள்ள மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சைக்குத்தான். வெளிநாட்டு ஆலோசனைப் பணத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

9. நேரமும் இணைப்பும்

டொரோன்டோ, பாஸ்டன் என்றால் கோடையில் நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. மெயிலில் "இந்திய நேரம் மாலை 5.30, அதாவது உங்கள் நேரம் காலை 8" என்று இரண்டையும் எழுதி உறுதி வாங்குங்கள்.

மருத்துவமனையில் மருத்துவரின் அறையிலிருந்து பேசுவதுதான் நல்லது. படங்களை அவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருப்பார். வீட்டிலிருந்துதான் பேச முடியும் என்றால் யு.பி.எஸ். இருக்கிறதா, இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் தயாரா என்று பாருங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். உறவுக்காரப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை நான் விரும்பவில்லை. கெட்ட செய்தி வந்தால் பாசத்தில் அவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

10. பேசும்போது

குழந்தை முதல் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். சிறுமூளை அறுவைக்குப் பிறகு என் மகன் பேச்சை நிறுத்தியிருந்தான், சில குழந்தைகளுக்கு இப்படி ஆகிறது. திரையில் இருந்த மருத்துவர் அவனை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், என் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவன் கை நடுங்கிக்கொண்டே மூக்குக்குப் பக்கத்தில் போய்க் கன்னத்தைத் தொட்டது. "பேச்சு மெல்ல மெல்லத் திரும்ப வாய்ப்பு அதிகம், பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்" என்றார். பிறகு பாட்டி அவனை வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது: "முதுகுத்தண்டு ஸ்கேன் அறுவை முடிந்து எத்தனையாவது நாள்?" ஐந்தாம் நாள். அதில் தெரிந்த மெல்லிய பூச்சு போன்ற படிவை நோய் பரவியதாக இங்கே படித்திருந்தார்கள். அறுவையின்போது கசிந்த ரத்தமும் முதல் இரண்டு வாரத்தில் அதே மாதிரித் தெரியும் என்றார் அவர். மறுபடி ஸ்கேனும், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். எங்கள் மருத்துவர் உடனே ஒத்துக்கொண்டார். ஜூன் 22 எடுத்த படத்தில் அந்தப் பூச்சு இல்லை, முதுகுத்தண்டு நீரிலும் புற்றுநோய்ச் செல்கள் இல்லை. பரவியிருந்தால் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் 36 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) ரேடியேஷன் என்று திட்டம் இருந்தது. அது 23.4 ஆனது. வளரும் குழந்தையின் மூளைக்கு அந்த வித்தியாசம் மிகப் பெரியது. 30ஆம் நாள், ஜூலை 3, ரேடியேஷன் தொடங்கியது.

எல்லாருக்கும் இப்படித் திட்டம் மாறும் என்று நினைக்க வேண்டாம். இங்கே சொன்ன சிகிச்சையே சரி என்ற பதில் வந்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அதுவும் நல்ல பதில்தான்.

கேட்க மறக்கக்கூடாதவை:

- நோயின் பெயரிலும் வகையிலும் சந்தேகம் இருக்கிறதா?
- மிச்சக் கட்டி ஒன்றரை சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? மறுபடி அறுவை தேவையா?
- புரோட்டான் ரேடியேஷனால் (சுற்றியுள்ள நல்ல பகுதிகளுக்குக் கதிர் குறைவாகப் போகும் வகை) என் குழந்தைக்கு எவ்வளவு லாபம்? சென்னையில் 2019 முதல் அது இருக்கிறது, ஆனால் செலவு அதிகம், அதனால் நேராகக் கேளுங்கள்
- மூன்று வயதுக்குள் என்றால் ரேடியேஷனைத் தள்ளிப்போட வழி உண்டா?
- நீங்கள் சொல்லும் மருந்து இங்கே கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன?
- இந்த நிலையில் உங்கள் குழந்தையாக இருந்தால் இந்தியாவிலேயே சிகிச்சை எடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, என் கணவர் கேட்டார். "ஆமாம், எங்கள் நாட்டுக்கு வருவதால் நாள்தான் போகும்" என்றார் திரையில் இருந்த மருத்துவர். வீட்டை விற்றுவிடலாமா என்று இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பதில் பெரிய நிம்மதி.

பதிவு செய்ய வேண்டுமென்றால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். அழுதுகொண்டே கேட்டதில் பாதி எனக்கு நினைவில் இல்லை, என் தம்பி எழுதிய நோட்டுதான் உதவியது.

11. பேசி முடித்த பிறகு

ஒரு வாரத்துக்குள் எழுத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை எந்த மருத்துவமனையும் ஃபைலில் ஏற்காது. இந்தியாவில் பதிவு பெறாத மருத்துவர் எழுதும் மருந்துச் சீட்டு இங்கே செல்லாது. மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் கையெழுத்தில்தான் வர வேண்டும்.

இரண்டு கருத்தும் மோதினால் நீங்கள் நடுவில் நின்று தூது போகாதீர்கள். இரண்டு மருத்துவர்களையும் ஒரே மெயிலில் சேர்த்துவிடுங்கள், நேராகப் பேசிக்கொள்ளட்டும். ஒரு விஷயத்தில் எங்களுக்கு அப்படித்தான் இரண்டே மெயிலில் தீர்ந்தது. மூன்றாவது, நான்காவது இடம் என்று தேடிக்கொண்டே போனால் 42ஆம் நாள் வந்து நிற்கும்.

அவர்கள் கொடுத்த நோயாளி எண்ணைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வரும். சந்தேகமான படம் ஏதாவது வந்தால் அதே எண்ணைப் போட்டு, பழைய படத்தோடு சேர்த்து அனுப்பினால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்த எண் காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு பென்டிரைவும் ஒரு கவரில் தொங்குகின்றன.